பாதிப் பூட்டு

"அழுகிற மாதிரி" என்றாள் முதலில்.
பிறகு, "இல்லை, ஆரோ பல்லு நெருமுற மாதிரி."
சத்தத்தோடு வருகிற எல்லாருக்கும்
அதைச் சொல்ல ஒரு உடம்பு வேண்டியிருக்கிறது.
நான் கேட்டது வேறு:
எத்தனையில் தொடங்கும்? காலை எடுத்தால் நிற்குமா?
திருப்பத்தில் கூடுமா?

யோகறஞ்சினியின் பழைய ஹைலக்ஸ்,
கூழாமுறிப்பு, முத்தையன்கட்டுப் பக்கம் பாலெடுக்கிற வண்டி.
"முதல்ல கான்களை இறக்குங்கோ."
இருபத்தொரு வெறுங்கான் கதைத்துக்கொண்டிருக்க
எந்த இரும்பின் முறைப்பாட்டையும் எடுக்க முடியாது.

ஒட்டுசுட்டான் சந்தி தாண்டி நெடுங்கேணி றோட்டு.
நாற்பதில் வந்தது. ஐம்பதில் தடித்தது.
"நியூட்றல்ல விடுங்கோ."
எஞ்சின் தணிந்தது. அது தணியவில்லை,
உருண்டபடியே ஊளையிட்டது.
ஆக, எஞ்சின் இல்லை, கிளச் இல்லை,
கியர்பெட்டியையும் அரை மனதோடு விடுதலை செய்தேன்.
இடமும் வலமும் வளைத்து ஓடச் சொன்னேன்.
பெயரிங் என்றால் பாரம் மாறக் குரல் மாறும்.
மாறவில்லை.

"முன்னுக்குத்தான்" என்றேன்.
"முன்னுக்கு எந்தப் பக்கம்?"

அங்கேதான் நான் மாட்டுப்படுவது.
என் இடக்காது
இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து வேலைக்கு வருவதில்லை.
ஒற்றைக் காதுக்குச் சத்தம் உண்டு, திசை இல்லை.
காகம் கரைந்தால் எல்லா மரத்தையும் பார்ப்பேன்.
கராஜுக்கு வருகிற ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை.
இவளுக்குச் சொன்னேன்,
வெயிலாக இருக்கலாம்,
கேட்டுவிட்டு இவள் காத்திருந்த விதமாகவும் இருக்கலாம்.
"சரி. நான் கேக்கிறன், நீங்கள் என்னெண்டு சொல்லுங்கோ."

ஜாக்கில் ஏற்றிக் கட்டை வைத்தேன்.
தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு
கிறவலில் படுத்து உள்ளே தலையை விட்டாள்.
வலச் சில்லைச் சுற்றினேன். "ஒண்டுமில்லை."
இடச் சில்லைச் சுற்றினேன்.
"அந்தா! அதேதான்."

ஹப்பின் முகத்தில் ஒரு திருகு வட்டம்.
பூட்டு எது, திறப்பு எது என்ற எழுத்தை
முப்பது வருசச் சேறு தின்றிருந்தது.
விரலால் பார்த்தேன்:
வலது திறந்திருந்தது.
இடது பூட்டியிருந்தது.

பாதி பூட்டினால் என்ன நடக்குமென்றால்
இடச் சில்லு தன் அச்சைக் கூடவே இழுத்துப்போகும்,
டிப்ரன்சலுக்குள் சின்னப் பற்சில்லுகள் அதை வாங்கி
வலது அச்சைப் பின்னுக்குச் சுற்றும்.
ஒன்று நெடுங்கேணிக்கு, மற்றது திரும்பி வீட்டுக்கு,
ஒரே வேகத்தில், ஒரே எண்ணெய்க்குள்.
வெளியிலிருந்து பார்த்தால்
நாலு சில்லும் ஒழுங்காய் முன்னுக்குத்தான் ஓடும்.

"எப்ப பூட்டினது?"

மார்கழி. வாய்க்கால் பாலத்துக்கு மேலால் வெள்ளம்.
டிலக்சன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
ஒரு பக்கம் திருகினான். மற்றப் பக்கம் போகமுதல்
வண்டி சரிந்தது, ஏறு ஏறு என்று கத்தியிருக்கிறாள்.
"நாலும் பிடிக்கும் எண்டு நம்பித்தான் இறக்கினனான்.
முந்நூறு லீற்றர் பால்.
கடைசியில உழவு மெசின்காரன்தான் இழுத்தவன்."

ஒன்று பூட்டினால் மூன்றுகூடப் பிடிக்காது என்றேன்.
பூட்டாத பக்கம் சும்மா சுழன்று
முன்னுக்கு வந்த பலத்தையெல்லாம் குடித்துவிடும்.
அவள் வலச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நான் அவனை என்ன பேச்சுப் பேசினன்" என்றாள்.

திருகினேன். டக்.
ஒரு திருகலுக்கு எவ்வளவு காசு கேட்பது?
எண்ணெயை வடித்தேன், கறுத்து வந்தது,
அடைப்பானின் காந்தத்தில் இரும்புத் தூள்
மீசை மாதிரி. எண்ணெய்க்கு மட்டும் எடுத்தேன்.
"பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஓடும். காது குடுத்துக்கொண்டிருங்கோ."

கானுக்கு இலக்கம் போடுகிற நீல மார்க்கரை எடுத்து
இரண்டு ஹப்பிலும் ஒவ்வொரு கோடு இழுத்தாள்.
மழைக்கு நிற்காது என்று சொல்ல நினைத்தேன்.

கான்கள் ஏறின. வண்டி போனது.
நான் கையைக் கழுவிக்கொண்டிருக்கையில்
எங்கோ ஹோன் அடித்தாள்.
இரண்டு பக்கமும் பார்த்தேன்.